நடுகல் குழுவில் சண்டை: எங்கே தொடங்குகிறது, எப்படித் தணிப்பது

கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகல் (சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்), கல்திட்டை (கற்பலகைகளால் ஆன பழங்கால ஈமச்சின்னம்), பழங்கோயில் என்று தேடிப் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றை நடத்துகிற ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆரம்பத்தில் படமும் கல்வெட்டு வாசிப்புமாக நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒரு கல்லின் படம் போட்டால் பத்து நிமிடத்தில் சண்டை. போன மாதம் ஓர் எழுத்தில் தொடங்கிய பேச்சு சாதியில் போய் நின்றது. மூத்தவர் ஒருவர் விலகிவிட்டார். கல்லூரிப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. நாகரிகமாகப் பேசவும் என்று விதி எழுதி மேலே ஒட்டியும் வைத்துவிட்டோம். பயனில்லை. என்ன செய்யலாம்?"

முதலில் அந்த விதியை எடுத்துவிடுங்கள். அதைப் படித்து யாரும் திருந்த மாட்டார்கள். அது அடுத்தவருக்காக எழுதியது என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள். சண்டை போடுகிற இருவரும் அதே வரியை ஒருவருக்கொருவர் எடுத்துக் காட்டிச் சண்டையைத் தொடர்வார்கள். அதற்குத்தான் அது உதவும்.

தர்மபுரியில் இதே மாதிரி ஒரு குழுவைச் சில நண்பர்களோடு சேர்ந்து நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் புரிந்த வரையில், நம் குழுக்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். லீவு நாளில் வீட்டில் படுத்துக் கிடக்காமல் முள்ளுக்காட்டில் கல்லைத் தேடிப் போகிறவர் எதற்காக வம்புக்கு வரப்போகிறார்? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் குழுவில் போடுகிற ஒவ்வொரு பதிவும் ஓர் உரிமைக் கோரிக்கை. "இதை நான் பார்த்தேன்", "இதை நான் இப்படிப் படித்தேன்", "இந்த வீரன் எங்கள் ஊர்க்காரன்". சமையல் குழுவில் ரசத்துக்கு மிளகு கூடிவிட்டது என்று சொன்னால் யார் மானமும் போவதில்லை. இங்கே ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டீர்கள் என்று நூறு பேர் முன்னால் சொன்னால் போய்விடுகிறது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தப்பாகச் சொன்னவர் தலைகுனியாமல் திருத்திக்கொள்ள உங்கள் குழுவில் வழி இருக்கிறதா? அந்த வழி இருந்தால் பேச்சு தானாகத் தணியும். இல்லாவிட்டால் எத்தனை விதி எழுதினாலும் தணியாது.

வாசிப்புச் சண்டையில் இருந்து தொடங்குகிறேன், உங்கள் குழுவிலும் அதுதானே முதல். நம் பக்கத்துப் பழைய நடுகற்களில் பல வட்டெழுத்து, அதாவது வளைந்த வடிவம் கொண்ட பழைய தமிழ் எழுத்து. ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் தின்றது போக மிச்சம் இருப்பதைப் படிக்கிறோம். தேய்ந்த கல்லில் பகரமும் வகரமும் ஒன்று போலத் தெரியும். பக்கத்தில் ஒரு பொரிவு விழுந்திருந்தால் மகரமாகவும் தெரியும். பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு, ஒகர ஓகார வேறுபாடு எழுத்தில் காட்டப்படாது. உச்சி வெயிலில் எடுத்த படத்தில் கீறலும் எழுத்தும் ஒன்றாகக் கலந்துவிடும். சாய்ந்த வெயிலில் எடுத்த படத்தில் அதே இடத்தில் வேறு எழுத்து எழுந்து நிற்கும். இத்தனைக்கும் மேல் நாம் பார்ப்பது வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய படம். இதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் "உறுதியாக" வேறுவேறு வாசகம் சொன்னால், பெரும்பாலும் இருவருக்கும் போதுமான கண்ணாதாரம் இல்லை என்றுதான் அர்த்தம்.

அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்தோம். வாசிப்பு போடுகிறவர் எதை வைத்துப் படித்தார் என்பதை முதல் வரியில் சொல்ல வேண்டும்: மொபைல் படமா, நேரில் நின்று பார்த்ததா, மைப்படியா. மைப்படி எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டிப் பதிய வைத்து, மையை ஒற்றி எடுப்பது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. ஆனால் மைப்படி இல்லாத எந்த வாசிப்பும் தற்காலிகமானது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டால் பாதிச் சூடு இறங்கிவிடும். "நீங்கள் தப்பு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "இந்தப் படத்தில் எனக்கு வகரமாகத் தெரிகிறது, சாயங்கால வெயிலில் ஒரு படம் கிடைக்குமா" என்று கேட்கலாம். இப்போது கேள்வி கல்லைப் பற்றியது. ஆளைப் பற்றியது இல்லை. (சாக்பீஸ் தேய்த்து எழுத்தை எடுப்பாக்கி அனுப்புகிறவர்களை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே தடுங்கள். அவர் கற்பனை செய்த எழுத்துத்தான் சாக்பீஸில் வரும், கல்லுக்கும் கேடு.)

அடுத்து வயது. நம் ஊரில் இதுதான் பெரிய சிக்கல், இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. குழுவில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தமிழய்யாக்கள், பல ஆண்டு அலைந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் ஒரு வாசிப்பு போட்டவுடன் "அருமை ஐயா", "சிறப்பு ஐயா", கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழும். அப்போது தொல்லியல் படிக்கிற பொண்ணு ஒருத்தி, "ஐயா, ஆட்சியாண்டு பதினெட்டு என்று வருகிற மாதிரி தெரிகிறது" என்று எழுதினால், ஐயாவே சும்மா இருந்தாலும் சுற்றி இருப்பவர்கள் விடுவதில்லை. "பெரியவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியாதா" என்று பாய்வார்கள். அவள் பேசிய விதத்தில் ஒரு குறையும் கிடையாது. இருந்தாலும் அவள் அடுத்த மாதம் வாய் திறக்க மாட்டாள். உங்கள் கல்லூரிப் பிள்ளைகள் அமைதியாகிவிட்டதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் ஒரு குழு அநாகரிகமாக இருக்க முடியும். மரியாதை என்ற பெயரில் வாயை அடைப்பது அதில் ஒரு வகை.

இதற்கு நாங்கள் செய்தது: மூத்தவர்களிடம் தனியாகப் போய்ப் பேசினோம். போனில் இல்லை, நேரில், ஒரு டீ குடித்துக்கொண்டு. "ஐயா, பிள்ளைகள் உங்களைத் திருத்தினால் நீங்களே முதல் ஆளாக 'பார்க்கிறேன்மா' என்று பதில் போடுங்கள், மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள்" என்று கேட்டுக்கொண்டோம். பெரும்பாலானோர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் நின்றவர்களுக்கு மாணவர் கேள்வி கேட்பது புதிதில்லை. கைகூப்பும் கூட்டத்துக்குத்தான் அது தாங்கவில்லை. பிள்ளைகளிடமும் ஒன்று சொன்னோம். திருத்தம் தெரிந்தால் முதலில் பெர்சனலில் படத்தோடு அனுப்பு. அவரே குழுவில் "திருத்தம்" என்று போட ஒரு நாள் அவகாசம் கொடு. போடாவிட்டால் நீ தாராளமாகக் குழுவில் எழுது, நாங்கள் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள்தான் மாற்ற முடியும். அதற்குப் பிறகு வருகிற திருத்தம் தனிச் செய்தியாக வரட்டும், பழையது அழியாமல் இருக்கட்டும். பழையதை அழித்தால் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஒரு புதுச் சண்டை, அதற்கு ஸ்க்ரீன்ஷாட் ஆதாரம், அப்புறம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது சரியா என்று ஒன்று.

சாதிக்கு வருகிறேன். இதை ஒதுக்கிவிட்டு இந்த மாவட்டங்களில் நடுகல்லைப் பற்றிப் பேசவே முடியாது. ஒரு வீரன் வில்லோடு நிற்கிறான். இன்றைக்கு இருக்கிற ஏதோ ஒரு சாதியின் பெயரைச் சொல்லி "எங்கள் குல முன்னோர்" என்று ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர் அதைக் கேலி செய்கிறார். பதினைந்தாவது செய்தியில் இருவரும் நிகழ்கால அரசியலில் நிற்கிறார்கள். 2012 நவம்பரில் நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் தலித் மக்களின் வீடுகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் எங்கள் தர்மபுரி. இங்கே அந்தப் பேச்சை வெறும் வாய்ச்சண்டை என்று விட்டுவிட முடியாது.

"சாதி பேசக் கூடாது" என்று ஒரே போடாகப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அது நிற்காது. ஊரில் அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைப்பது யார், பங்காளிகள் யார் என்பதெல்லாம் ஆய்வுக்கே தேவையான செய்தி. ஆகவே பேச்சைத் தடுக்காமல் பிரித்து வைத்தோம். ஒரு நடுகல்லைப் பற்றிப் பதிவு போட்டால் மூன்று பத்தியாகப் போட வேண்டும்: கல்லில் உள்ளது, ஊரார் சொல்வது, என் கருத்து. இவ்வளவுதான் எங்கள் குழுவின் சட்டம் முழுக்க. மற்றதெல்லாம் இதற்கு உரை.

கல்லில் உள்ளது என்றால் என்ன என்பதை ஓர் உதாரணம் வைத்துப் பாருங்கள். செங்கம் பக்கத்துக் கற்களில் "கோவிசைய மயீந்திர பருமற்கு" என்று பல்லவ மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். பிறகு நாட்டுப் பெயர், தலைவன் பெயர், செத்தவன் பெயர். எதற்காகச் செத்தான் என்பது வரும்: தொறுக் கொண்ட ஞான்று, அதாவது மாட்டு மந்தையைக் கவர்ந்த போது. கடைசியில் "பட்டான் கல்", அதாவது இறந்தவனின் கல். இன்னாருடைய சேவகன், இன்னாருடைய மகன் என்ற அளவுக்கு உறவும் தெரியும். இன்றைய அட்டவணையில் இருக்கிற சாதிப் பெயரை இதில் இருந்து உருவ முடியாது. "கல்லில் உள்ளது" என்ற பத்தியில் குலப் பெருமை பேசுகிறவர் எதை எழுதுவார்? வாசகத்தை எழுதிவிட்டு நிறுத்த வேண்டியதுதான். குலப் பெருமை மூன்றாவது பத்திக்குப் போய்விடும், "என் கருத்து" என்ற தலைப்புக்குக் கீழே. அங்கே அது இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் கேலி செய்ய வேண்டாம், யாரும் ஏற்கவும் வேண்டாம். ஒருவர் தன் கருத்து என்று தானே எழுதி வைத்ததை மறுக்க யாருக்கும் அவ்வளவு வேகம் வருவதில்லை.

ஊரார் சொல்வது என்ற நடுப்பத்திக்கு இன்னொரு பயன் இருக்கிறது. நம் பக்கத்தில் நடுகற்கள் பலவும் வேடியப்பன் என்று கும்பிடப்படுகின்றன. எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, சில இடத்தில் பெயின்ட்டும் அடித்து வைத்திருப்பார்கள். நகரத்தில் இருந்து வருகிற ஆர்வலர் படம் எடுத்துப் போட்டுவிட்டு "அறியாமை! வரலாற்றைப் பாழாக்கிவிட்டார்கள்" என்று எழுதுவார். அந்த ஊர்ப் பையன் குழுவில் இருப்பான். அவன் அப்பாதான் பூசாரி. உண்மையில் அந்தக் கல் ஆயிரம் ஆண்டு தாண்டி நின்றதற்கே அந்த வழிபாடுதான் காரணம். கும்பிடப்படாத கற்கள் எத்தனையோ வாய்க்கால் பாலத்துக்கும் வேலிக்கும் போய்விட்டன. பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று ஊரில் சொல்லத்தான் வேண்டும். அதை நேரில் போய், பூசாரியோடு உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஊரார் சொல்வதை எழுதுவது கட்டாயம் என்று வைத்தால், படம் எடுக்கப் போகிறவர் ஊராரோடு நின்று பேசியாக வேண்டும். பேசிவிட்டு வந்தவர் அவர்களைத் திட்டி எழுதுவதில்லை.

மொழிச் சண்டை உங்கள் மாவட்டத்தில் எங்களைவிடக் கூடுதலாக இருக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்து உறுப்பினர்கள் பலருக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். தமிழில் டைப் செய்தால் எழுத்துப்பிழை வரும். அதைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு புலவர் எல்லாக் குழுவிலும் உண்டு. பிழை திருத்துவதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லுங்கள். வாய்ஸ் மெசேஜ் போடட்டும், யாராவது எழுதிக் கொடுக்கட்டும். "கன்னடக் கல்வெட்டா, அதை ஏன் இங்கே போடுகிறாய்" என்று கேட்கிறவருக்கு மட்டும் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டியிருக்கும். நுளம்பர்களும் கங்கர்களும் ஆண்ட நிலம் இது. கன்னடக் கல் இருப்பதில் என்ன ஆச்சரியம்? எல்லைக்கு அந்தப் பக்கம் கோலாரில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளமாக இருக்கின்றன. மாநில எல்லை 1956 கணக்கு. உங்கள் மாவட்டமே 2004 பிப்ரவரியில்தான் எங்களிடம் இருந்து பிரிந்தது, நாங்கள் 1965இல் சேலத்தில் இருந்து பிரிந்தோம். கல் நட்டவனுக்கு இதெல்லாம் தெரியாது. தளிப் பக்கத்து நண்பர் ஒருவர் கன்னட வீரகல்லு ஒன்றைப் படித்துச் சொன்னால் அதைப் படிக்கத் தெரியாத நமக்குத்தான் லாபம்.

இனி, பெயர் யாருக்கு என்ற விஷயம். என் கணிப்பில் சாதியைவிட இதுதான் அதிகம் உடைக்கிறது. ஒருவர் படம் போடுகிறார். நான்கு நாள் கழித்து நாளிதழில் மாவட்டப் பக்கத்தில் "அரிய நடுகல் கண்டுபிடிப்பு" என்று வேறொருவர் பெயரில் செய்தி, கல்லுக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டிக்காட்டுகிற போட்டோவோடு. அதற்கப்புறம் அந்தக் குழுவில் யாரும் யாரையும் நம்புவதில்லை. படம் போடுவதையே நிறுத்திவிடுவார்கள், அல்லது தண்ணீர்முத்திரை குத்திப் பாதிக் கல்லை மறைத்துப் போடுவார்கள்.

இதில் மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, செய்தியாளரிடம் போவதற்கு முன் பழைய பதிப்புகளைப் பார்ப்பது. தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் நடுகற்களையும் தர்மபுரிக் கல்வெட்டுகளையும் நூலாகவே வெளியிட்டிருக்கிறது, இரா. நாகசாமி துறைத் தலைவராக இருந்த காலத்தில் இந்தப் பக்கம் ஊர் ஊராகத் தேடியிருக்கிறார்கள். நாம் கண்டுபிடித்தோம் என்று குதிக்கிற கல் அதில் வரிசை எண்ணோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைப் பார்த்துவிட்டால் உரிமைச் சண்டையே அர்த்தமில்லாமல் போய்விடும். இரண்டு, குழுவில் போட்ட தேதியே சாட்சி என்று எல்லோரும் ஒத்துக்கொள்வது. வெளியே எழுதுகிறவர் முதலில் போட்டவரைக் கேட்டுவிட்டு, பெயரையும் சேர்க்க வேண்டும். மூன்று, வழி காட்டிய ஊர்க்காரர் பெயரும் வர வேண்டும், அவர் சம்மதித்தால். ஆடு மேய்க்கிறவர் காட்டாமல் நாம் எந்தக் கல்லை எங்கே பார்த்தோம்? இந்த மூன்றையும் மீறுகிறவரைக் குழுவில் கேள்வி கேளுங்கள், பொதுவிலேயே. தனியாகச் சொல்லித் தீர்க்க வேண்டியவை நிறைய உண்டு. ஆனால் பிறர் உழைப்பைத் தன் பெயரில் போட்டதை மூடி மறைத்தால் மற்றவர்கள் மனம் விட்டுப் போய்விடும்.

இடம் சொல்வதிலும் ஒரு சண்டை வரும். சரியான இடத்தைக் குழுவில் போடச் சொல்லிக் கேட்பார்கள், போட மறுத்தால் கர்வம் பிடித்தவர் என்பார்கள். நடுகல்லுக்கும் பாண்டவர் வீடு என்று சொல்லப்படுகிற கல்திட்டைக்கும் அடியில் புதையல் இருக்கிறது என்று நம்பித் தோண்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மல்லச்சந்திரம் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த இடம் வேறு. புதிதாகப் பார்த்த இடத்தை ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வதைக் குழு வழக்கமாக்கிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே வழக்கம் என்றால் யாருக்கும் கர்வப் பட்டம் கிடைக்காது.

உங்கள் மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறை பற்றியும் ஒரு வார்த்தை. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அந்த முடிவை அறிவித்தார்: அங்கே இரும்பின் காலம் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 2172 வரை போகிறது. அன்றில் இருந்து உங்கள் மாவட்டக் குழுக்களில் இது ஓயவே இல்லை என்று கேள்விப்படுகிறேன். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்குப் பொ.ஆ.மு. 3345 என்று அறிவிப்பு வந்ததும் இன்னொரு சுற்று. ஒரு பக்கம் "உலகுக்கே இரும்பு கொடுத்தவன் தமிழன்", இன்னொரு பக்கம் "எல்லாம் அரசியல்". இரண்டு பக்கமும் படிக்காமல் பேசுகிறவர்கள்தான் அதிகம். இந்த மாதிரி நேரத்தில் நடுவர் வேலை பார்க்காதீர்கள். ஒரு கேள்வி போடுங்கள்: தேதி எதற்குக் கிடைத்தது? கரிமக் காலக்கணிப்பு இரும்பை நேரடியாக அளப்பதில்லை என்பது வழக்கமான நிலை. இரும்போடு அதே மண்ணடுக்கில் கிடைத்த கரித்துண்டு மாதிரியான பொருளைத்தான் அளக்கிறார்கள். அந்த அடுக்கு கலையாமல் இருந்ததா, எத்தனை மாதிரி, எந்த ஆய்வகம்? இதைக் கேட்டவுடன் பெருமை பேசுகிறவர் அறிக்கையைத் தேடிப் போவார், கேலி பேசுகிறவரும் அறிக்கையைத் தேடிப் போவார். திரும்பி வருகிறவர்களோடு பேசலாம். பெரும்பாலோர் திரும்பி வருவதில்லை, அதுவும் நல்லதுதான்.

குத்தல் பேச்சு ஒன்று பாக்கி. தகடூர்க்காரர்களுக்கு (தகடூர் தர்மபுரியின் பழைய பெயர்) இதில் ஒரு முன்மாதிரி கைவசம் இருக்கிறது: அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை. உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புறநானூற்றின் 95ஆம் பாட்டில் சொல்வாள். புகழ்வது போலப் பழிப்பது. குழுவில் யாரையாவது குத்திவிட்டுக் கேட்டால் "ஔவை பேசாததா" என்று பதில் சொல்கிறவர் எங்களிடம் உண்டு. ஔவை தொண்டைமான் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள், அதுவும் ஒரு முறை. நூறு பேர் பார்க்க, முகமும் குரலும் தெரியாமல், ராத்திரி பதினோரு மணிக்கு "தங்கள் புலமைக்கு முன் நாங்கள் எம்மாத்திரம்" என்று எழுதுவது வேறு. என்னைக் கேட்டால் நேரடியாகத் திட்டுகிறவரைவிட இவர் ஆபத்து. திட்டினவர் காலையில் "ராத்திரி கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன்" என்பார். குத்தினவர் "நான் பாராட்டித்தானே எழுதினேன்" என்பார். இவரைத் தனியாக அழைத்து, "நீங்கள் எழுதியதை நாங்கள் புரிந்துகொண்டோம்" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் கேட்காதீர்கள். புரிந்துவிட்டது என்று தெரிந்தால் பலர் நிறுத்திவிடுவார்கள்.

அட்மின் வேலை சுருக்கமாக. ஒரே அட்மின் வேண்டாம். மூவராவது இருக்கட்டும், ஓசூர்ப் பக்கம் ஒருவர், ஊத்தங்கரைப் பக்கம் ஒருவர் என்று. பெண் ஒருவர் அட்மினாக இருந்தால் பெண் உறுப்பினர்கள் தங்களுக்கு வருகிற தொந்தரவைச் சொல்ல இடம் கிடைக்கும். குழுவில் இருந்து எண்ணை எடுத்து இரவில் "சாப்டீங்களா" என்று அனுப்புகிற ஆசாமியைப் பற்றி ஆண் அட்மினிடம் பலர் சொல்ல மாட்டார்கள். அந்த ஆசாமியை இரண்டாம் எச்சரிக்கை இல்லாமல் நீக்குங்கள். சண்டையில் தானும் ஒரு கட்சியாக இருக்கிற அட்மின் அன்றைக்கு முடிவெடுக்கக் கூடாது. பேச்சு முற்றினால் அட்மின் மட்டும் எழுதலாம் என்ற அமைப்பை விடியும் வரை போட்டு வையுங்கள், காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு. மாதக் கணக்கில் அப்படியே விட்டுவிடாதீர்கள், அது பிறகு குழு இல்லை, அறிவிப்புப் பலகை.

வழக்கு வருமா என்று சிலர் பயப்படுகிறார்கள். உறுப்பினர் எழுதியதற்கு அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அட்மின் மீது குற்றம் சுமத்த முடியாது என்று 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. புண்படுத்தும் இணையச் செய்திகளுக்குத் தண்டனை தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. ஆனால் எழுதியவர் மீது அவதூறுக்கும், சமூகங்களுக்கிடையே பகை மூட்டியதற்கும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. சாதியைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்தினால் பேச்சுவார்த்தை வேண்டாம், செய்தியை எல்லோருக்கும் அழித்துவிட்டு ஆளையும் நீக்குங்கள்.

நீக்கினால் அறிவிப்பு வேண்டாம். விலகுகிறவர்கள் "கனத்த இதயத்துடன்" என்று தொடங்கி நீளமாக எழுதிவிட்டுப் போவார்கள். அதற்குக் கீழே ஆறுதல் சொல்லவும் விடாதீர்கள், பதில் சொல்லவும் விடாதீர்கள். பாதிப் பேர் வேறு எண்ணில் இருந்து ஏற்கெனவே உள்ளேதான் இருப்பார்கள்.

உங்கள் குழுவில் இருந்து விலகிய மூத்தவர் விஷயத்துக்கு வருகிறேன். அவரைச் சமாதானப்படுத்தித் திரும்பச் சேர்க்க இப்போது முயல வேண்டாம். அவரும் மறுத்துப் பேசிய நபரும் வேறுவேறு வாசகம் சொன்ன அந்தக் கல் இன்னும் அங்கேதான் நிற்கிறது. மைப்படி எடுக்கத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள்; அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ கேட்டால் ஆள் சொல்வார்கள். ஊரிலும் பூசாரியிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். பெரியவரை வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள், சண்டையைப் பற்றிப் பேசாமல், "ஐயா, அந்தக் கல்லைப் படி எடுக்கப் போகிறோம், நீங்கள் இல்லாமல் எப்படி" என்று மட்டும். மறுத்தவரையும் கூப்பிடுங்கள், வண்டியில் தனித்தனியாகவே ஏற்றுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. தாள் காயும் நேரத்தில் இருவரும் அதன் இரண்டு பக்கமும் குனிந்து நின்றுதான் ஆக வேண்டும். அங்கே என்ன படிக்கிறார்களோ அதைக் கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவர் குழுவில் போடட்டும், மூன்று பத்தியாக. இரண்டு வாசகமும் நிற்கிறது என்றால் இரண்டையும் போடட்டும்.